பிரியாதிருந்தால்...?

'இப்படி நடந்தது' என்று சொல்வது வரலாறு. 'இப்படி நடந்திருந்தால்?' என்று கேட்பதும் ஒரு கலைதான். மேலைநாட்டு இலக்கியத்தில் இந்தக் கேள்வியை வைத்தே ஒரு தனி வகை வளர்ந்திருக்கிறது. 'மாற்று வரலாறு' என்று அதனைத் தமிழில் வழங்கலாம். இது நேற்று முளைத்த வகையன்று. அலெக்சாண்டர் கிழக்கே வராமல் மேற்கே திரும்பி ரோமாபுரியுடன் மோதியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று லிவி என்னும் ரோம வரலாற்றாசிரியர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிப் பார்த்திருக்கிறார். தன்னுடைய ஊரே வென்றிருக்கும் என்று அவர் முடிவு கட்டினார் என்பது வேறு விடயம்!

துறைமுகத்தை அண்டி வாழும் திருகோணமலைக்காரருக்கு இந்தக் கலையை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு, தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையின் பேரில் 'ஹெர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் துறைமுகத்தைவிட்டு வெளியேறியது. மறுநாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தப்பிப் போன கப்பலோ அன்றைய தினமே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அது துறைமுகத்திலேயே நின்றிருந்தால்? தப்பியிருக்குமா, அல்லது ஊரையும் சேர்த்து அழித்திருக்குமா? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இக்கேள்வியை வெற்றிலைத் தட்டைச் சுற்றியிருந்து பேசுவார்கள். எவரும் விடை சொன்னதில்லை. ஆனால் பேசும்போது ஒன்று கவனித்திருக்கிறேன். நல்ல பேச்சுக்காரர் ஒன்றை மட்டும் மாற்றுவார். கப்பலை நிறுத்திவைப்பார்; மற்றதெல்லாம் நடந்தபடியே நடக்கவிடுவார். கெட்டிக்காரத்தனம் குறைந்தவர் கப்பலையும் நிறுத்தி, விமானங்களையும் திருப்பியனுப்பி, யுத்தத்தையும் முடித்துவிடுவார். அது மாற்று வரலாறு அன்று, வெறும் ஆசை.

தமிழ் இலக்கணத்தில் இதற்கென ஒரு வாய்பாடு உண்டு. 'செயின்' என்னும் வினையெச்சத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 'மழை பெய்யின் பயிர் விளையும்' என்றால் அது வருங்காலத்துக்கான நிபந்தனை. 'மழை பெய்திருந்தால் பயிர் விளைந்திருக்கும்' என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த 'இருந்திருந்தால்' கனமானது. மழை பெய்யவில்லை, பயிரும் விளையவில்லை என்ற இரண்டு துயரங்கள் அதற்குள் சொல்லாமலே நிற்கின்றன.

சிலப்பதிகாரத்தில் கானல்வரியை நினைத்துப் பாருங்கள். புகார்க் கடற்கரையில் மாதவி யாழைத் திருத்திக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் பாடுகிறான். அவன் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக எண்ணி அவளும் யாழை வாங்கி, தன் மனமும் வேறிடத்தில் இருப்பதுபோல ஒரு பாவனைக்குப் பாடுகிறாள். அவன் அதை மெய்யென்று கொண்டு எழுந்து போய்விடுகிறான். சேர்ந்து பாடிய இருவர் பாட்டினாலேயே பிரிந்த கதை இது. அவன் எழுந்து போகாதிருந்தால் மதுரை எரிந்திராது. நமக்குக் காப்பியமும் கிடைத்திராது. பிரிவு ஒன்றைக் கெடுத்து இன்னொன்றைத் தருகிறது. இந்தக் கணக்கைச் சரியாகப் பார்ப்பதுதான் மாற்று வரலாற்றின் வேலை.

சரி, இன்று நாம் பேசப்போவது பாடிப் பிரிந்தவர்களைப் பற்றித்தான்.

மேலை உலகில் இந்தக் கேள்வியை மிக அதிகமாகக் கேட்டவர்கள் 'பீற்றில்ஸ்' குழுவின் இரசிகர்கள். லிவர்பூல் என்ற துறைமுக நகரத்தில் 1960இல் உருவான குழு அது. ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வரும் 1970இல் பிரிந்தார்கள். அப்போது அவர்களில் எவருக்கும் முப்பது வயதைத் தாண்டியிருக்கவில்லை. 1980இல் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு மீண்டும் சேரும் வாய்ப்பும் போயிற்று. அதன் பிறகு இரசிகர்கள் செய்த வேலை சுவையானது. நால்வரும் தனித்தனியே வெளியிட்ட பாடல்களிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கி, 'இவர்கள் பிரிந்திராவிட்டால் 1971இல் வந்திருக்கக்கூடிய இசைத்தட்டு இதுதான்' என்று வரிசைப்படுத்தி மகிழ்ந்தார்கள். ஸ்டீபன் பக்ஸ்ரர் என்ற ஆங்கில அறிவியற் புனைகதையாளர் 1998இல் இதையே சிறுகதையாக்கினார். குழு பிரியாத வேறோர் உலகத்திலிருந்து ஒரு இசைத்தட்டு சிலர் கையில் அகப்படுகிறது. அதை அவர்கள் கேட்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பதானால் எவரைப் பற்றிக் கேட்பது? என் மனத்தில் ஐயமேயில்லை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி.

திருச்சிராப்பள்ளியில் 1922இல் பிறந்த டி.கே. ராமமூர்த்தி வயலின் பரம்பரையில் வந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை அவருடைய பாட்டனார். எம்.எஸ். விஸ்வநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்து, வறுமையிலும் அலைச்சலிலும் வளர்ந்து, ஆர்மோனியத்தைத் துணையாகப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர். இருவரும் சி.ஆர். சுப்பராமன் என்ற இசையமைப்பாளரிடம் பணிபுரிந்தார்கள். 1952இல் சுப்பராமன் முப்பது வயதை எட்டுமுன்பே காலமானார். அவர் விட்டுப்போன படங்களின் மிச்ச வேலையை இவ்விருவரும் சேர்ந்து முடித்தார்கள். 'தேவதாஸ்' அவற்றுள் ஒன்று. அதாவது இந்த இணை ஒரு மரணத்தினால் சேர்ந்த இணை. அந்த இளைஞர் சாகாதிருந்தால் இவர்கள் சேர்ந்தே இருக்கமாட்டார்கள்! 'பிரியாதிருந்தால்' என்று கேட்பவர்கள் இந்த முதல் 'இருந்தால்'-ஐ மறந்துவிடுகிறார்கள்.

அதே ஆண்டில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இரட்டைப் பெயர் அறிமுகமானது. வடக்கே சங்கர்–ஜெய்கிஷன் என்ற இணை அப்போது புகழ்பெற்றிருந்தது. அதுவே இதற்கு முன்மாதிரி. ஆறு வயது மூத்த ராமமூர்த்தியின் பெயர் பின்னும் இளையவர் பெயர் முன்னும் வந்தது கலைவாணரின் யோசனை என்று சொல்வார்கள்.

இன்னொரு தற்செயலையும் சொல்லவேண்டும். இந்த இணை பிறந்த அதே 1952இல்தான் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்கு ஏறத்தாழக் கதவை அடைத்தது. அன்றைய அமைச்சர் கேஸ்கர் அவற்றைத் தரக்குறைவானவை என்று கருதினார். அடைத்த கதவுக்கு எதிரே திறந்திருந்த ஜன்னல் இலங்கை வானொலி. சிற்றலையில் பாக்கு நீரிணையைத் தாண்டிப் போன அந்த ஒலிபரப்பைத் தமிழகம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. 1957இல் 'விவித்பாரதி' தொடங்கிய பின்பும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. எனவே விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் புகழை வளர்த்ததில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். நம் அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், இயற்றியவர், இசை என்று ஒழுங்காகச் சொல்லிப் பழக்கியதனால், சலூனில் முகம் மழிக்க உட்கார்ந்திருந்தவருக்கும், துறைமுகத்தில் வேலை முடிந்து சைக்கிளில் திரும்பியவருக்கும் அந்த இரட்டைப் பெயர் மனப்பாடமாயிற்று.

13 ஆண்டுகள். 'பாகப்பிரிவினை', 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்', 'ஆலயமணி', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நான் ஒரே ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1964இன் தொடக்கத்தில் 'கர்ணன்' வந்தது. வடநாட்டு இராகங்களைக் கரைத்துக் கொடுத்த இசை. சில வாரங்களுக்குள் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. மேனாட்டு மெல்லிசையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சீட்டியடித்த இசை. அதே ஆண்டில் 'படகோட்டி', 'புதிய பறவை', 'சர்வர் சுந்தரம்'. இவ்வளவும் ஒரே அறையிலிருந்து வந்தவை என்பதை இன்றைக்கும் என்னால் இலகுவாக நம்பமுடியவில்லை. 1963இல் சென்னையில் இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் வழங்கப்பட்டது.

1965 ஜூலையில் 'ஆயிரத்தில் ஒருவன்' வெளியானது. கப்பலும் கடலும் நிறைந்த படம். இணையின் கடைசிப் படமாக அது அமைந்தது. அடுத்த மாதமே 'கலங்கரை விளக்கம்' வந்தபோது இசை என்ற இடத்தில் விஸ்வநாதன் பெயர் மட்டும் இருந்தது. என்ன காரணம் என்பது பற்றிப் பலவிதமான கதைகள் உலவுகின்றன. அவற்றை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. வீட்டுக்குள் நடந்ததை வேலிக்கு வெளியே நின்று தீர்ப்புச் சொல்வது நமக்கு வேண்டாம்.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பில் தொகைநிலைத் தொடர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உம்மைத்தொகைக்கு 'கபிலபரணர்' என்ற வழக்கமான உதாரணத்தைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு விளங்கட்டுமென்று 'விஸ்வநாதன் ராமமூர்த்தி' என்று கரும்பலகையில் எழுதினேன். பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "சேர், விஸ்வநாதன் எண்டது ராமமூர்த்தியின்ரை தகப்பன் பேரோ?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்மவர் பெயரெழுதும் முறைப்படி அவன் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. இடையில் இருந்த 'உம்' மறைந்திருக்கிறது. மறைந்திருப்பது தெரியாதவனுக்கு இரண்டு பேர் ஒரு பேராகத்தான் தெரிவார்கள்.

உயர்திணைப் பெயர்கள் உம்மைத்தொகையாகச் சேரும்போது பலர்பால் ஈறு பெறவேண்டும் என்பது நன்னூல் விதி. கபிலனும் பரணனும் சேர்ந்தால் 'கபிலபரணர்'. அந்த ஈறுதான் இருவர் இருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தில் 'கள்' இருந்தது. 1965க்குப் பிறகு மக்கள் வழக்கில் நடந்தது என்ன? 'கள்' உதிர்ந்தது. 'மெல்லிசை மன்னர்' என்றால் விஸ்வநாதன் என்றாகிவிட்டது. இருவருக்குக் கொடுத்த பட்டம் ஒருமையாகி ஒருவரிடம் தங்கிற்று. எவரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. விஸ்வநாதனையும் இதற்குக் குறை சொல்லமுடியாது. மொழி அப்படித்தான், உயிரோடு அடிக்கடி உச்சரிக்கப்படும் பெயரின் பக்கம் சாய்ந்துவிடும்.

இனி நமது கேள்விக்கு வருவோம். துறைமுகத்துப் பெரியவர்களின் விதிப்படி ஒன்றை மட்டும் மாற்றுவோம். 1965இல் அவர்கள் பிரியவில்லை. மற்றவை நடந்தபடியே நடக்கட்டும்.

நடந்தவை எவை? கே.வி. மகாதேவன் அதே 1965இல் 'திருவிளையாடல்' தந்து, 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வரை ஏறுமுகமாக இருந்தார். 1969இல் 'ஆராதனா', 1973இல் 'பொபி' என்று இந்திப் பாடல்கள் தமிழ் இளைஞர்களின் வாயில் புகுந்தன. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா வந்தார். இணை சேர்ந்திருந்தாலும் இவை வந்தேயிருக்கும். 1976க்குப் பிறகு காற்று மாறியிருக்கும். 'அவர்கள் பிரியாதிருந்தால் இன்னும் முப்பது ஆண்டு ஆண்டிருப்பார்கள்' என்று சிலர் மேடையில் பேசுவதை நான் ஏற்பதில்லை.

பாடல்கள் இன்னும் சிறந்திருக்குமா? இதுவும் ஐயமே. தனித்து நின்ற விஸ்வநாதன் 'அன்பே வா', 'உயர்ந்த மனிதன்', 'உலகம் சுற்றும் வாலிபன்', 'அபூர்வ ராகங்கள்' என்று கொடுத்துக்கொண்டேயிருந்தார். 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் ஒரு மேனாட்டுப் பாணி இசைக்குழுவையே கதையாக வைத்தபோது, ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர்தான் இசையமைத்தார். விஸ்வநாதனுடைய பக்கக் கணக்கில் பெரிய நட்டம் எதனையும் என்னால் காணமுடியவில்லை. வயலின்கள் கூட்டமாக எழுந்து நிற்கும் அந்தப் பழைய கம்பீரம் பிற்காலத்தில் சற்றுக் குறைந்தது என்பார்கள் சிலர். என் காதுக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் காலமும் அதை வேண்டியிருக்கவில்லை.

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். ராமமூர்த்தி 'தேன்மழை', 'சாது மிரண்டால்', 'மறக்க முடியுமா' (மூன்றும் 1966), 'நான்' (1967), 'மூன்றெழுத்து' (1968), 'தங்கச் சுரங்கம்' (1969), 'காதல் ஜோதி' (1970) என்று சில படங்கள் செய்தார். இவற்றில் சில பாடல்கள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. எவர் இசையென்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் விஸ்வநாதன் என்பார்கள்! பிறகு வாய்ப்புகள் அருகின. ஐம்பது வயதுக்குள், கையில் முழு வித்தையோடு, அவர் ஏறத்தாழ ஒலியின்றிப் போனார்.

பீற்றில்ஸ் கதையோடு இதனை ஒப்பிடுவதனால் ஒரு பயன் உண்டு. அங்கே இரண்டு பெரிய பெயர்களுக்குப் பின்னால் நின்றவர் ஜோர்ஜ் ஹரிசன். குழுவின் ஓர் இசைத்தட்டில் அவருக்கு ஒன்றோ இரண்டோ பாட்டுத்தான் இடம் கிடைக்கும். குழு பிரிந்த அதே 1970இன் முடிவுக்குள் மூன்று தட்டுகள் கொண்ட பெருந்தொகுதி ஒன்றை அவர் வெளியிட்டார். அடைத்துவைத்த மதகு திறந்தது போல! 'பிரியாதிருந்தால்' என்று நாம் ஆசைப்பட்டால் ஹரிசனின் வாயை மறுபடி அடைக்கிறோம் என்று பொருள். இங்கேயோ பின்னால் நின்றவருக்கு நேர்மாறாக நடந்தது. இணை என்பது ஒருவருக்குக் கூண்டாகவும் இன்னொருவருக்குக் கூரையாகவும் இருக்கலாம். எனவே 'பிரியாதிருந்தால் இசைக்கு என்ன கிடைத்திருக்கும்' என்று கேட்பதை விட்டு, 'பிரியாதிருந்தால் எவருக்கு என்ன கிடைத்திருக்கும்' என்று கேட்கவேண்டும் என்பது என் கட்சி. விஸ்வநாதன் எப்படியும் விஸ்வநாதனாகவே இருந்திருப்பார். ராமமூர்த்திக்கு வேலை இருந்திருக்கும். காலையில் எழுந்து வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட ஓர் இடம் இருந்திருக்கும். கலைஞனுக்கு அது சிறிய விடயமன்று.

பிரியாத இணைகளும் இருந்தன. இந்தியில் லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் 1963 முதல் 1998இல் லக்ஷ்மிகாந்த் மறையும்வரை ஒரே பெயராக நின்றார்கள். சங்கர்–ஜெய்கிஷனில் ஜெய்கிஷன் 1971இல் இறந்த பின்பும், சங்கர் தான் 1987இல் இறக்கும்வரை இரட்டைப் பெயரிலேயே இசையமைத்தார். இறந்தவனின் பெயரையும் சேர்த்துச் சுமந்த அந்த மனிதரை நினைக்கையில், முன்மாதிரியாக எடுத்தவர்களிடமிருந்து நம்மவர்கள் கடைசிப் பாடத்தை மட்டும் எடுக்கவில்லையோ என்று தோன்றும். தமிழிலும் சங்கர்–கணேஷ் உண்டு. அவர்களில் சங்கர், மேலே சொன்ன சுப்பராமனின் தம்பி.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. ஈழத்து மெல்லிசையில் திருகோணமலையின் பரமேஸ்–கோணேஸ் என்ற இரட்டைப் பெயருக்குத் தனியிடம் உண்டு. எழுபதுகளில் நம் நாட்டில் மெல்லிசை, பொப் இசைக் குழுக்கள் பல எழுந்தன. அவை தொடர்ந்திருந்தால் என்று கேட்டால் விடை சொல்லவே பயமாயிருக்கிறது. 1983க்குப் பிறகு கிற்றார் வாசித்தவர் ஒரு நாட்டிலும், பாடியவர் இன்னொரு நாட்டிலும், ட்ரம்ஸ் அடித்தவர் மண்ணுக்குள்ளும் என்று ஆகிப்போன குழுக்கள் எத்தனை! சென்னையிலும் லிவர்பூலிலும் இருந்தவர்கள் தாமாகப் பிரிந்தார்கள். பிரிவதற்கும் ஒரு சுதந்திரம் வேண்டும். நம் பிள்ளைகளிடம் அந்த வேற்றுமையைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடிப்பதில்லை.

1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' என்ற படத்துக்காக விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் மீண்டும் சேர்ந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து. அதே ஆண்டின் இறுதியில் பீற்றில்ஸில் எஞ்சிய மூவரும் லெனனின் பழைய ஒலிப்பதிவோடு தம் குரல்களைச் சேர்த்து ஒரு பாட்டை வெளியிட்டார்கள். 2023இல் கணினி நுட்பத்தால் லெனனின் குரலைப் பிரித்தெடுத்து இன்னொன்றும் வந்தது. இரண்டு ஊர்களிலும் கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். இரண்டு ஊர்களிலும் பழைய காலம் திரும்பவில்லை. 2012இல் சென்னையில் முதலமைச்சர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் இருத்தி 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் வழங்கினார். 'வெண்ணிற ஆடை', 'ஆயிரத்தில் ஒருவன்' என்று அவர் தமிழில் கதாநாயகியாக அறிமுகமான அந்த 1965ஆம் ஆண்டுதான் இணைக்குக் கடைசி ஆண்டு என்பதை அன்று மேடைக்கு முன் இருந்தவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்களோ. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ராமமூர்த்தியும், 2015 ஜூலையில் விஸ்வநாதனும் காலமானார்கள்.

அந்த உயர்தர வகுப்புக்கு 'பிரியாதிருந்தால்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னேன். பெரும்பாலானோர் பட்டங்களும் விருதுகளுமாக எழுதித் தள்ளினார்கள். தகப்பன் பேரோ என்று கேட்ட அந்தப் பையன் அரைப் பக்கந்தான் எழுதியிருந்தான். அவனுடைய உலகத்தில் 1979ஆம் ஆண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் இளைஞர்கள் கிற்றாரோடு நிற்கிறார்கள். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டைப் போட்டுவிட்டுப் பின்னால் திரும்பி, "அண்ணே, சரியா?" என்று கேட்கிறார். ராமமூர்த்தி வயலினை மடியில் வைத்தபடி, "இன்னொரு தரம் வாசி" என்கிறார்.

பத்துக்கு எட்டுப் புள்ளி போட்டேன். எழுத்துப் பிழைக்கு இரண்டு குறைத்தேன்.